நஞ்சுக்கொடி ரத்தம் யாருடையது?



சென்ற ரமளானுக்குச் சில நாட்களுக்கு முன் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு புகார் வந்தது. நம் பகுதிக் குடும்பம்தான். மருமகளுக்கு எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே வலி கண்டு, அவசரமாக மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். பிரசவத் துணையாக மாமியார் உள்ளே இருந்தார். குழந்தை வெளியே வந்துவிட்டது. ஆனால் டாக்டரும் நர்ஸும் கொடியை வெட்டவில்லை. குழந்தையைத் துணியில் சுற்றித் தாயின் வயிற்றின் மேலேயே வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்கள். "பிள்ளை குறைமாசம், இவங்க என்னடான்னா நின்னு வேடிக்கை பார்க்கிறாங்க" என்று அந்த அம்மா சத்தம் போட, வெளியே இருந்த ஆண்கள் கதவைத் தட்ட, பெரிய கலவரமாகிவிட்டது. பிறகு நம்மிடம் வந்து, "அலட்சியமாக இருந்தார்கள் என்று மேலிடத்துக்கு மனு எழுதிக் கொடுங்கள்" என்றார்கள்.

நாம் மனு எழுதவில்லை. நமக்குத் தெரிந்த குழந்தை நல மருத்துவர் ஒருவரிடம் நடந்ததைச் சொல்லி விளக்கம் கேட்டோம். "அவர்கள் வேடிக்கை பார்க்கவில்லை, சிகிச்சை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்" என்றார் அவர். அதன் பிறகு இது பற்றித் தேடிப் படித்ததையும், கேட்டு அறிந்ததையும் இந்த இதழில் எழுதுகிறோம். நம் வீடுகளில் அடுத்த பிரசவம் யாருக்கு, எத்தனையாவது மாதத்தில் என்பதை அல்லாஹ்வே அறிவான். முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழந்தைக்குப் பின்னால் விழுவதை நாம் 'நஞ்சு' என்கிறோம், அதனோடு சேர்ந்த கொடியை 'நஞ்சுக்கொடி' என்கிறோம். இந்தப் பெயரே பலரைக் குழப்பிவிட்டது. நஞ்சு என்றால் விஷம், எனவே அதில் உள்ள ரத்தம் கெட்ட ரத்தம், அது பிள்ளையின் உடம்பில் ஏறும் முன் சட்டென்று வெட்டிவிட வேண்டும் என்று நினைக்கும் பெரியவர்கள் இன்றும் நம் மஹல்லாவில் இருக்கிறார்கள். இன்னும் சிலர் அது தாயின் ரத்தம் என்று எண்ணுகிறார்கள். இரண்டும் சரியல்ல. நஞ்சின் உள்ளே தாயின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன, ஆனால் ஒன்றாகக் கலப்பதில்லை. நடுவே மெல்லிய சுவர் ஒன்று உண்டு. உணவும் பிராணவாயுவும் அந்தச் சுவர் வழியாகத்தான் பிள்ளைக்குப் போகின்றன. கொடியில் ஓடுவது முழுக்க முழுக்கப் பிள்ளையின் சொந்த ரத்தம். அதன் இதயம் துடித்து நஞ்சுக்கு அனுப்புகிறது, அங்கிருந்து திரும்பப் பெற்றுக்கொள்கிறது. ஒன்பது மாதமும் இந்தப் போக்குவரத்து நிற்பதில்லை. வெளியே சிந்திய ரத்தம் நஜீஸ் என்று கழுவுகிறோம். கொடிக்குள் ஓடிக்கொண்டிருக்கும் வரை அது அந்தப் பிள்ளையின் ஹயாத்.

பிறக்கும் நொடியில் பிள்ளையின் ரத்தம் முழுவதும் பிள்ளையின் உடம்பில் இருப்பதில்லை. நிறைமாதக் குழந்தையானால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நஞ்சில் இருக்கும். மாதம் குறையக் குறைய இந்தப் பங்கு கூடும். 30 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடும் குழந்தைக்குப் பாதி வரைகூட நஞ்சில் தங்கியிருக்கும். அந்த நேரத்தில் கொடியில் கிளிப் போட்டு வெட்டிவிட்டால் நஞ்சில் இருப்பது நஞ்சோடு குப்பைக்குப் போய்விடும். பொறுத்திருந்தால் அதில் நல்ல பங்கு பிள்ளைக்கே வந்து சேரும். நிறைமாதக் குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்தில் சுமார் 80 மில்லியும், மூன்று நிமிடத்தில் சுமார் 100 மில்லியும் வந்து சேர்வதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

குறைமாதக் குழந்தைக்கு வரும் அளவு சிறியது. ஆனால் அதன் உடம்பும் சிறியதுதான். ஒன்றரைக் கிலோ எடையில் பிறக்கும் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உடம்பில் ஓடும் ரத்தம் மொத்தமே 100 மில்லி சொச்சம். குமணன்சாவடி டீக்கடையில் தரும் ஒரு கிளாஸ் டீ அவ்வளவுதான். அரை நிமிடம், முக்கால் நிமிடம் பொறுத்தால் அதற்குக் கூடுதலாக 15 மில்லி அளவுக்குக் கிடைக்கும். மூன்று டீஸ்பூன். இது என்ன பெரிய அளவு என்று தோன்றலாம். 100-க்கு 15 என்ற விகிதத்தில் நம் உடம்புக்குக் கணக்குப் போட்டால் 700 மில்லிக்கு மேல் வரும். ரத்ததான முகாமில் ஒருவரிடம் எடுக்கும் ஒரு யூனிட் 350 மில்லி. ஆக, அந்தச் சிசுவுக்குக் கிடைப்பது, நமக்கு இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றியதற்குச் சமம். அதுவும் அதன் சொந்த ரத்தம். குரூப் பார்க்க வேண்டியதில்லை, கிருமி ஒட்டுமோ என்ற அச்சமும் இல்லை, பணமும் இல்லை.

நம் ரத்ததானப் பட்டியலில் பெயர் கொடுத்திருக்கும் இளைஞர்களுக்கு இதன் அருமை புரியும். இரவு இரண்டு மணிக்கு, "என்.ஐ.சி.யு.வில் இருக்கிற பிள்ளைக்கு ரத்தம் வேண்டும்" என்று எத்தனை அழைப்புகள் வந்திருக்கின்றன! குறைமாதக் குழந்தைக்குத் தினமும் ஊசியால் ஒன்று இரண்டு மில்லி எடுத்துப் பரிசோதனை செய்ய வேண்டியிருக்கும். டீ கிளாஸ் அளவு ரத்தத்திலிருந்து தினமும் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு என்று எடுத்தால் கையிருப்பு என்னாகும்? அதனால்தான் அவர்களுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்ற நேரிடுகிறது. கொடியைச் சற்றுத் தாமதித்து வெட்டிய குழந்தைகளுக்கு இப்படி ஏற்ற வேண்டிய தேவை குறைகிறது என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட முடிவு.

ரத்தத்தின் அளவு மட்டும்தான் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. வயிற்றில் இருக்கும்வரை பிள்ளையின் நுரையீரலுக்கு வேலை இல்லை. பிறந்து முதல் மூச்சு எடுக்கும்போதுதான் நுரையீரல் விரிந்து, அதற்குள் ரத்தம் பாய்கிறது. அந்த மூச்சு வருவதற்கு முன்பே கொடியை அடைத்துவிட்டால், இதயத்துக்கு நஞ்சிலிருந்து வந்துகொண்டிருந்த ரத்தம் நின்றுவிடுகிறது. நுரையீரலிலிருந்து வர வேண்டியதோ இன்னும் வரத் தொடங்கவில்லை. சிறிது நேரம் இதயம் இரண்டும் கெட்டானாகத் தவிக்கிறது. பழைய மோட்டார் லைனைத் துண்டிக்கும் முன் புதிய லைனில் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்ப்போம் அல்லவா, அது போலத்தான். குறைமாதக் குழந்தையின் மூளை நரம்புகள் மிக மெல்லியவை, ரத்த ஓட்டத்தில் வரும் ஏற்ற இறக்கத்தைத் தாங்காதவை. எனவே அவர்களுக்கு இந்த மாற்றம் நிதானமாக நடப்பது நல்லது.

இது நேற்று முளைத்த யோசனை அல்ல. பரிணாமக் கொள்கை எழுதிய சார்லஸ் டார்வினின் பாட்டனார் எராஸ்மஸ் டார்வின் ஒரு மருத்துவர். கொடியை அவசரமாகக் கட்டி வெட்டுவது குழந்தைக்குக் கேடு என்று 1801-லேயே எழுதி வைத்தார். நம் ஊர்ப் பக்கத்துப் பழைய மருத்துவச்சிகள் பலர் நஞ்சும் விழுந்த பிறகே கொடியை அறுத்தார்கள். அந்தப் பொறுமை சரியானதுதான். ஆனால் அவர்கள் அறுத்த கத்தியும் பிளேடும் சுத்தமாக இல்லாததால் ரண ஜன்னி கண்டு எத்தனையோ பச்சைக் குழந்தைகள் போய்ச் சேர்ந்தன. "அந்தக் காலமே நல்ல காலம்" என்று பேசுபவர்களுக்காக இதைச் சொல்கிறோம். பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்ததுதான் அதை மாற்றியது. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று இருப்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னமும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே சொல்வார்கள். பர்தா அணியும் பெண்கள் ஆண் டாக்டரிடம் போகாமல் உயிரை விட்ட காலத்தில், மேரி ஷார்லிப் என்ற பெண் மருத்துவரின் முயற்சியால் 1885-ல் தொடங்கப்பட்டது அது.

பிறகு ஏன் ஆஸ்பத்திரிகளில் உடனே வெட்டும் பழக்கம் வந்தது? 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், பிரசவத்துக்குப் பின் தாய்க்கு ஏற்படும் அதிக உதிரப்போக்கைத் தடுக்கச் சில முறைகளைச் சேர்த்துக் கடைப்பிடித்தார்கள். கர்ப்பப்பை சுருங்க ஊசி போடுவது, கொடியை உடனே வெட்டுவது, நஞ்சைக் கவனமாக இழுத்து எடுப்பது ஆகியவை அவை. உதிரப்போக்கைத் தடுப்பதில் ஊசிதான் உண்மையில் வேலை செய்தது, கொடியை உடனே வெட்டுவதால் தாய்க்கு எந்தப் பலனும் இல்லை என்பது பிறகு தெரிய வந்தது. ஊசியை உரிய நேரத்தில் போட்டுக்கொண்டே கொடிக்குப் பொறுத்திருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பிறந்து 1 நிமிடம் ஆகும் முன் கொடியை வெட்டக் கூடாது என்றது. நிறைமாதம், குறைமாதம் இரண்டுக்கும் இது பொருந்தும்.

நம் நாட்டுக்கு இது இன்னும் முக்கியம். 2020-ல் உலகில் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறந்தன. அவற்றில் 30 லட்சம் இந்தியாவில் பிறந்தவை. வேறு எந்த நாட்டிலும் இத்தனை இல்லை. அதோடு, 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 67 பேருக்கு ரத்தசோகை. கொடி வழியாக வரும் அந்தக் கூடுதல் ரத்தத்தில் உள்ள இரும்புச்சத்து பல மாதங்களுக்குப் பிள்ளைக்குச் சேமிப்பாக நிற்கிறது. டெல்லியில், ரத்தசோகை உள்ள தாய்மார்களின் நிறைமாதக் குழந்தைகளை வைத்து நடத்தி 2002-ல் வெளியான ஆய்வில், பொறுத்து வெட்டிய குழந்தைகளுக்கு மூன்றாம் மாதத்திலும் இரும்புச் சேமிப்பு கூடுதலாக இருந்தது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையில் 30 வாரத்துக்கு மேற்பட்ட குறைமாதக் குழந்தைகளுக்கு 2 நிமிடத்துக்கு மேல் பொறுத்துப் பார்த்தபோதும் ரத்தத்தின் செறிவு கூடியிருந்தது. மத்திய அரசு 2018-ல் தொடங்கிய ரத்தசோகை இல்லா பாரதம் திட்டத்தில் கொடியைத் தாமதித்து வெட்டுவதையும் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே நம் வீட்டுப் பெண்ணுக்கு அரசு ஆஸ்பத்திரியில் இப்படிச் செய்தால் அது ஏழை என்பதற்காகக் காட்டும் அலட்சியம் அல்ல, அரசே சொல்லியிருக்கும் முறை.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, இதனால் உயிர் பிழைக்கிறதா என்பது. ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் முன்நின்று, பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2023-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். 20 ஆய்வுகள், 3,260 குறைமாதக் குழந்தைகள். கொடியை உடனே வெட்டியவர்களில் 100-க்கு 8 குழந்தைகள் வீடு திரும்பும் முன் இறந்தன. பொறுத்து வெட்டியவர்களில் அது 6. எந்த மருந்தும், எந்த மெஷினும், ஒரு ரூபாய் செலவும் இல்லாமல் 100-க்கு 2 உயிர்! இன்னும் விரிவாக 47 ஆய்வுகளைப் பார்த்தபோது, 2 நிமிடமோ அதற்கு மேலோ பொறுப்பதே உயிர் காப்பதில் மேலாக இருக்கும் என்று தெரிந்தது. பல நாடுகளில் 30 நொடி, 1 நிமிடம் என்று இருந்ததை இப்போது நீட்டலாமா என்று யோசிப்பது இதனால்தான்.

இதைப் படித்துவிட்டு, நம் ஆட்கள் லேபர் வார்டு வாசலில் நின்று "இரண்டு நிமிடம் ஆகாமல் வெட்டக் கூடாது" என்று டாக்டருடன் மல்லுக்கு நிற்கக் கூடாது. அது முன்பு நடந்ததற்கு நேர் எதிரான தவறு. பொறுக்க முடியாத நிலைகள் உண்டு. நஞ்சு முன்கூட்டியே கழன்று ரத்தம் கொட்டினால், கொடி அறுந்துபோனால், தாய்க்கு உதிரப்போக்கு கட்டுக்கடங்காமல் போனால் உடனே வெட்டித்தான் ஆக வேண்டும். ஒரே நஞ்சைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டைக் குழந்தைகளிலும் டாக்டர்கள் வேறு விதமாக முடிவெடுப்பார்கள். பிள்ளை மூச்சே எடுக்காமல் துவண்டு கிடந்தால், மூச்சுக் கொடுக்கும் மேசை சற்றுத் தள்ளி இருப்பதால், பல இடங்களில் கொடியை வெட்டித்தான் அங்கே கொண்டுபோக முடியும். அந்த நேரத்தில் முடிவு அவர்களுடையது. நாம் துஆ செய்வதோடு நிற்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. நஞ்சிலிருந்து பிள்ளையை நோக்கிக் கொடியை விரலால் வழித்து விட்டால் சீக்கிரம் ரத்தம் ஏறிவிடுமே என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். டாக்டர்களுக்கும் அந்த எண்ணம் இருந்தது. அதைச் சோதித்த ஆய்வு ஒன்றை 2019-ல் வெளியிட்டார்கள். 23 முதல் 27 வாரத்தில் பிறந்த மிகச் சிறிய குழந்தைகளில், வழித்து விட்டவர்களில் 100-க்கு 22 பேருக்கு மூளையில் கடுமையான ரத்தக்கசிவு வந்தது. பொறுத்து வெட்டியவர்களில் 6 பேருக்குத்தான். அந்த ஆய்வையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. ரத்தம் தானாக நிதானமாகப் போவது வேறு, நாம் தள்ளி அனுப்புவது வேறு.

பொறுப்பதால் பக்க விளைவே இல்லையா என்று கேட்பீர்கள். ரத்தம் கூடுவதால் மஞ்சள் காமாலை சிலருக்குச் சற்றுக் கூடுதலாக வரும், நீல விளக்கில் வைக்க வேண்டியிருக்கும். அது கவனித்துச் சரிசெய்யக் கூடியது. குறைமாதக் குழந்தைக்குக் குளிர் ஆகாது என்பது அதைவிடக் கவனிக்க வேண்டியது. மேற்படி 3,260 குழந்தைகளிலும், பொறுத்து வெட்டியவர்களுக்கு உடல் சூடு மிகச் சிறிதளவு குறைந்திருந்தது. அதனால்தான் பிள்ளையை உடனே துடைத்து, துணியிலோ பிளாஸ்டிக் உறையிலோ சுற்றித் தாயின் மேல் வைக்கிறார்கள். சிசேரியனிலும் இதே போல் ஒரு நிமிடம் பொறுக்க முடியும்.

நம் சமுதாயத்துக்கென்று இரண்டு விஷயங்கள். குழந்தை பிறந்ததும் காதில் பாங்கு சொல்ல வேண்டும் என்ற ஆசையில், "பிள்ளையைச் சீக்கிரம் வெளியே கொடுங்கள்" என்று நர்ஸ்களை நெருக்குகிறோம். பாங்கு சொல்வதற்கு நிமிடக் கணக்கு எதுவும் இல்லை. பிள்ளை நிலைபெற்று, டாக்டர் அனுமதித்த பிறகு சொன்னால் போதும். என்.ஐ.சி.யு.வில் இருந்தால், கை கழுவி உள்ளே போக அனுமதி கிடைக்கும் வாப்பா, மெல்லிய குரலில் சொல்லட்டும். அதே போல் பேரீச்சையோ தேனோ வாயில் வைப்பது. குறைமாதக் குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். தேன் ஒரு வயது முடியும்வரை எந்தக் குழந்தைக்கும் கூடாது.

அடுத்தது, தொப்புள் கொடி ரத்த வங்கி. ஐந்தாம் ஆறாம் மாதத்திலேயே ஏஜென்ட்கள் வீட்டுக்கு வந்து, பிள்ளையின் கொடி ரத்தத்தைப் பாதுகாத்து வைத்தால் பிற்காலத்தில் எந்த நோய் வந்தாலும் குணமாகும் என்று சொல்லி, மாதத் தவணையில் பெருந்தொகை கட்ட வைக்கிறார்கள். கடன் வாங்கிக் கட்டியவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், தனியார் வங்கிகளில் இப்படிச் சேமிப்பதைப் பரிந்துரைக்கவில்லை. குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு குழந்தைக்குக் குறிப்பிட்ட சில ரத்த நோய்கள் இருந்தால் மட்டும் டாக்டரிடம் கலந்து பேசலாம். அதோடு யோசித்துப் பாருங்கள்: வங்கிக்கு நிறைய ரத்தம் வேண்டும் என்றால் கொடியைச் சீக்கிரம் வெட்ட வேண்டும். பிள்ளைக்குப் போக வேண்டியதை நிறுத்தி, பணம் கொடுத்து ஐஸ் பெட்டியில் வைப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று நமக்குப் புரியவில்லை.

செய்ய வேண்டியது சிறியதுதான். ஏழாம் மாதச் செக்கப்பிலேயே டாக்டரிடம், "பிள்ளைக்கும் தாய்க்கும் ஆபத்து இல்லையென்றால் கொடியைப் பொறுத்து வெட்டுவீர்களா?" என்று மரியாதையாக ஒரு வார்த்தை கேளுங்கள். முடிந்தால் தாய் சேய் நல அட்டையில் குறித்துத் தரச் சொல்லுங்கள். பிரசவ அறைக்குள் துணைக்குப் போகப் போவது உம்மாவா, மாமியாரா, நாத்தனாரா, அவருக்கு இதை இப்போதே எடுத்துச் சொல்லுங்கள். சத்தம் போடுவது பெரும்பாலும் அவர்கள்தான், அவர்களின் பதற்றத்தையும் குறை சொல்ல முடியாது.

37 வாரத்துக்கு முன் இடுப்பு வலி விட்டு விட்டு வந்தாலோ, நீர்க்குடம் உடைந்தாலோ, உதிரம் பட்டாலோ, "சூட்டு வலியாக இருக்கும், சீரகத் தண்ணீர் குடி" என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். பிறந்த பின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே என்.ஐ.சி.யு. உள்ள மருத்துவமனைக்குத் தாயைக் கொண்டுபோவது பல மடங்கு மேல். எழும்பூர் தாய் சேய் மருத்துவமனையோ, வேறு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, எங்கே போவது என்பதை எட்டாம் மாதத்துக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். நேரத்தோடு போனால் பிள்ளையின் நுரையீரல் முதிர ஊசி போடவும் அவகாசம் கிடைக்கும். மெட்ரோ வேலையால் மவுண்ட் - பூந்தமல்லி சாலை எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், கிளம்புவதில் தாமதம் கூடாது.

கர்ப்பிணிகள் பிக்மி எண் இன்னும் வாங்கவில்லையென்றால் உடனே பகுதிச் செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகைக்கும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் தேவை. படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் ஆதார் அட்டை, வங்கிப் புத்தகத்துடன் நம் அலுவலகத்துக்கு வரலாம். பெண்களுக்கு உதவப் பெண்களே இருப்பார்கள், இன்ஷா அல்லாஹ்.